நாணயச் சங்கம்: கிரெடிட் யூனியன் பிறந்து வளர்ந்த கதை

என் அப்பாவின் சம்பளச் சீட்டில், பிடித்தம் என்ற தலைப்பின் கீழே 'சொசைட்டி' என்று ஒரு வரி இருக்கும். ஒரு வருடம் அது இரண்டு வரிகள் ஆனது. கூட வேலை பார்த்த ஒருவருக்கு அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் வேலையை விட்டு ஊரை விட்டுப் போய்விட்டார். அவர் கட்ட வேண்டிய தவணை அப்பா சம்பளத்தில் பிடிபட ஆரம்பித்தது. கடன் தீரும்வரை அம்மா அந்த மனிதரின் பெயரைச் சொன்னதே இல்லை. "உங்க ஜாமீன்" என்றுதான் சொல்வார்.

அந்த வயதில் எனக்குப் புரியாத ஒன்று, பிற்பாடு கூட்டுறவுக் கடன் பற்றிப் படித்தபோது புரிந்தது. அந்த சொசைட்டி நகையை வாங்கிப் பூட்டவில்லை, வீட்டுப் பத்திரம் கேட்கவில்லை. "இந்த ஆளைத் தெரிந்த இன்னொருவர் கையெழுத்துப் போடட்டும்" என்றது. தெரிந்திருப்பதுதான் அடமானம். அப்பா விஷயத்தில் அந்த அடமானம் பொய்த்தது, அவ்வளவுதான்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் கிரெடிட் யூனியன் என்று சொல்வது அடிப்படையில் இதைத்தான். ஒரே இடத்தில் வேலை செய்பவர்கள், ஒரே ஊர்க்காரர்கள், ஒரே மாதாகோவிலுக்குப் போகிறவர்கள் என்று ஏதோ ஒரு வகையில் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் சேர்ந்து சேமிக்கிறார்கள். அந்தச் சேமிப்பிலிருந்து தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்கிறார்கள். முதல் போட்டவரும் வாடிக்கையாளரும் ஒரே ஆள். நம்மூரில் பணியாளர் சிக்கன நாணயச் சங்கம் என்ற பெயரில் இருப்பது இதன் நெருங்கிய சொந்தம். இலங்கையில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் என்பார்கள். நூறு வருடத்துக்கு முன்பு நம் பெரியவர்கள் ஐக்கிய நாணய சங்கம் என்றார்கள். எனக்குப் பிடித்த பெயர் அதுதான். 'நாணயம்' என்றால் காசு. 'நாணயமான ஆள்' என்றால் சொன்ன சொல் தவறாதவர். கிரெடிட் என்ற சொல்லும் லத்தீனில் 'நம்பு' என்ற வேரிலிருந்து வந்ததுதான். இரண்டு அர்த்தத்தையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறோம், பிறகு ஏன் கடன் சங்கம் என்று மாற்றினோமோ தெரியவில்லை.

இதை விளக்க ஒரு குறிப்பிட்ட சங்கத்தை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் முதல் கிரெடிட் யூனியன், நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில் இருக்கும் செயின்ட் மேரிஸ். ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

பஞ்சத்தில் முளைத்த யோசனை

1846-47 குளிர்காலத்தில் ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் கடும் பஞ்சம். வையர்புஷ் என்ற சிற்றூரில் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் ராய்ஃபைசன் என்ற இளம் ஊர்த்தலைவர், வசதியானவர்களிடம் பணம் திரட்டி மாவு வாங்கி, ரொட்டி சுட்டு, ஏழைகளுக்குக் கடனாகக் கொடுத்தார். அடுத்த பல வருடங்கள் வேறு வேறு ஊர்களில் இதையே மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் அவருக்கு ஒன்று புலப்பட்டது. பணக்காரர் தருமத்தை நம்பி நடக்கும் சங்கம், அந்தத் தருமம் களைத்துப்போகும் நாளில் நின்றுவிடும். கடன் தேவைப்படுபவர்களே சங்கத்தின் சொந்தக்காரர்களாக இருந்தால்தான் அது நிற்கும். 1864-ல் ஹெடெஸ்டார்ஃபில் அவர் அமைத்த கடன் சங்கம் இந்த முடிவில் பிறந்தது.

அவருடைய விதி கடுமையானது. உறுப்பினர் ஒவ்வொருவரும் சங்கத்தின் மொத்தக் கடனுக்கும் தன் சொத்து முழுவதையும் பொறுப்பாக வைக்க வேண்டும். இன்றைக்கு யாராவது இப்படிச் சொன்னால் ஓடிவிடுவோம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் கடனைக் கட்டாவிட்டால் என் மாடு ஏலத்துக்குப் போகும் என்ற நிலையில், அவன் சாராயக் கடைக்குப் போகிறானா, விதை வாங்கினானா என்று ஊரே கவனிக்கும். எந்த வங்கி அதிகாரியும் அத்தனை துல்லியமாகக் கண்காணிக்க முடியாது. நகரத்துக் கைவினைஞர்களுக்காக ஷுல்ட்ஸே-டேலிட்ச் என்ற இன்னொரு ஜெர்மானியர் கிட்டத்தட்ட அதே காலத்தில் மக்கள் வங்கிகளை உண்டாக்கினார். இந்த இரண்டு பேரின் யோசனைகள்தான் உலகம் முழுக்கப் பரவின.

பரவிய வழிகளில் ஒன்று சென்னை வழியாகப் போகிறது. விவசாயக் கடன் பற்றி ஆராய மதராஸ் அரசு அனுப்பிய பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி, ஐரோப்பிய முறைகளைப் பார்த்துவிட்டு 1895-லும் 1897-லும் இரண்டு தடித்த அறிக்கைகள் கொடுத்தார். அத்தனை பக்கங்களின் சாரத்தையும் அவர் இரண்டே சொல்லில் சொன்னார்: "ராய்ஃபைசனைக் கண்டுபிடியுங்கள்." 1904-ல் இந்தியாவின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருடம் திருவள்ளூர் பக்கம் திரூரில் ஒரு விவசாயக் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் ஒரு நகரச் சங்கமும் பதிவாயின. இந்த இழை பிறகு எங்கே போய் முடிச்சுப் போடுகிறது என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

பத்து சென்ட்

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், கனடா நாடாளுமன்றத்தில் அல்போன்ஸ் தெஜார்தான் என்பவருக்கு வேலை, உறுப்பினர்கள் பிரெஞ்சில் பேசுவதைக் குறிப்பெடுத்துப் பதிவு செய்வது. 1897-ல் ஒரு நாள், கந்துவட்டியைத் தடுக்கச் சட்டம் கேட்டு ஓர் உறுப்பினர் பேசினார். மாண்ட்ரியாலில் 150 டாலர் கடன் வாங்கிய ஒருவர் 5,000 டாலர் வட்டி கட்ட வேண்டியிருந்ததாக அவர் சொன்னதைக் கேட்டு தெஜார்தான் அதிர்ந்துபோனார். மீட்டர் வட்டி, ராக்கெட் வட்டி எல்லாம் நாம் கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஐரோப்பிய மக்கள் வங்கிகளைப் பற்றி எழுதிய ஹென்றி வுல்ஃபுக்குக் கடிதம் போட்டார். பல நாட்டு முறைகளைப் படித்து, தனக்கென்று ஒரு கலவையைச் செய்துகொண்டார். 1900 டிசம்பர் 6 அன்று கியூபெக்கில், தன் சொந்த ஊரான லெவியில் மக்கள் கருவூலம் என்ற பெயரில் ஒரு கடன் சங்கத்தை அமைத்தார். 1901 ஜனவரியில் வசூல் தொடங்கியது. முதலில் விழுந்தது பத்து சென்ட். முதல் நாள் மொத்தம் 26 டாலர் 40 சென்ட். ஆரம்பத்தில் தெஜார்தானின் வீட்டிலேயே அலுவலகம். அவர் நாடாளுமன்ற வேலைக்கு ஒட்டாவா போய்விட்ட மாதங்களில் கணக்கைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய மனைவி டோரிமேன். வரலாற்றில் அவருக்கு வெகுகாலம் ஒரு வரிதான் கிடைத்தது.

தெஜார்தான் செய்த முக்கியமான மாற்றம், ராய்ஃபைசனின் எல்லையற்ற பொறுப்பை எடுத்துவிட்டது. உறுப்பினர் 5 டாலருக்கு ஒரு பங்கு வாங்க வேண்டும், அதையும் சிறுகச் சிறுகக் கட்டலாம். நஷ்டம் வந்தால் போட்ட பணத்தோடு போயிற்று, வீடு போகாது. அப்படியானால் கண்காணிப்பு? அதற்கு அவர் பங்கு எனப்படும் மாதாகோவில் வட்டாரத்தை நம்பினார். ஒரே பங்கு மக்கள், ஒரே பாதிரியார், ஞாயிற்றுக்கிழமை ஒரே கூரையின் கீழ் எல்லோரும் எல்லோரையும் பார்த்தாக வேண்டும். கடன் கட்டாமல் பூசைக்கு வந்து நிற்பது சுலபமில்லை.

மூன்றடுக்கு வீட்டில் ஒரு வங்கி

இப்போது மான்செஸ்டர். மெரிமாக் ஆற்றின் கரையில் அமோஸ்கெக் என்ற துணி ஆலை. உச்சத்தில் அங்கே 17,000 பேர் வேலை செய்தார்கள். உலகத்திலேயே பெரிய பருத்தி ஆலை வளாகம் என்று பெயர். கியூபெக்கில் நிலம் போதாமல் கிளம்பிய பிரெஞ்சுக் கனடியக் குடும்பங்கள் ரயிலேறி வந்து இங்கே தறியிலும் கதிரிலும் நின்றன. ஆற்றின் மேற்குக் கரையில் அவர்களுக்கென்று ஒரு குட்டிக் கனடா உருவானது. 1909-ல் புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் இந்த ஆலைக்கு வந்து குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்துப் போயிருக்கிறார்.

ஊரில் வங்கிகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை முதலாளிகளுக்கும் வணிகர்களுக்கும் ஆனவை. பிரெஞ்சு மட்டும் தெரிந்த நெசவுக்காரப் பெண் உள்ளே போய் இருபது டாலர் கடன் கேட்டால் என்ன நடந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. செயின்ட் மேரிஸ் பங்கின் மூத்த பாதிரியார் பியர் ஹெவே, எல்லைக்கு அப்பால் லெவியில் நடப்பதை அறிந்து தெஜார்தானை வரவழைத்தார். 1908 நவம்பர் 24 அன்று சங்கம் தொடங்கியது. 1909 ஏப்ரலில் மாநிலச் சட்டமன்றம் அதற்கென்றே ஒரு சட்டம் போட்டு அங்கீகரித்தது. பங்கு விலை லெவியைப் போலவே 5 டாலர்.

அலுவலகம், நோட்ரடாம் அவென்யூவில் ஜோசப் புவாவான் என்ற வழக்கறிஞரின் வீடு. பல குடும்பங்கள் மாடிமாடியாகக் குடியிருந்த மரக்கட்டடம். அவர்தான் சங்கத்தை நடத்தினார். ஆலைச் சங்கு ஊதி ஆட்கள் வெளியே வந்த பிறகு சங்கத்தின் வேலை தொடங்கும். பகல் முழுக்கத் தறியில் நிற்பவருக்குப் பகலில் திறந்து பகலிலேயே மூடும் வங்கியால் என்ன பிரயோஜனம்? மொழி, நேரம், தூரம் இந்த மூன்றையும் சரி செய்ததுமே பாதி வேலை முடிந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வட்டி விகிதம் அப்புறம்தான்.

கணக்கு எப்படி ஓடுகிறது

கதையை இங்கே நிறுத்திவிட்டு, இந்த வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். நம் ரூபாயிலேயே ஒரு கற்பனைச் சங்கம் வைத்துக்கொள்வோம்.

300 உறுப்பினர்கள், சராசரியாக ஆளுக்கு 20,000 ரூபாய் சேமிப்பு. மொத்தம் 60 லட்சம். முழுவதையும் கடனாகக் கொடுத்துவிட முடியாது, நாளைக்கு யாராவது பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். எனவே 45 லட்சத்தை 11 சதவீதத்துக்குக் கடன் கொடுத்து, 15 லட்சத்தை ஒரு வங்கியில் 6 சதவீதத்துக்குப் போட்டு வைக்கிறது. கடன் வட்டி 4.95 லட்சம், வங்கி வட்டி 90 ஆயிரம், ஆக வரவு 5.85 லட்சம். சேமிப்புக்கு 6 சதவீதம் கொடுத்தால் 3.6 லட்சம் போகும். எழுத்தர் சம்பளம், வாடகை, தணிக்கைக் கட்டணம் எல்லாம் 1.2 லட்சம். மிச்சம் 1.05 லட்சம்.

ஒரு வங்கியில் இந்த மிச்சம் பங்குதாரர்களுக்குப் போகும். இங்கே பங்குதாரர் என்று வெளியே யாரும் இல்லை. ஒரு பகுதி காப்பு நிதிக்குப் போகிறது. மீதி உறுப்பினர்களுக்கே ஈவாக வருகிறது, அல்லது அடுத்த வருடம் கடன் வட்டி கால் சதவீதம் குறைகிறது. அதனால்தான் இந்தச் சங்கங்களால் கொஞ்சம் மலிவாகக் கடன் கொடுக்க முடிகிறது. அமெரிக்கச் சட்டப்படி கிரெடிட் யூனியன்கள் லாப நோக்கமற்றவை, அவற்றுக்கு மத்திய வருமான வரியும் இல்லை. வங்கிகளுக்கு இது நூறாண்டு வயிற்றெரிச்சல்.

ஓட்டு விஷயம் முக்கியம். ஒருவர் 500 ரூபாய் வைத்திருந்தாலும் 5 லட்சம் வைத்திருந்தாலும் ஒரே ஓட்டு. நிர்வாகக் குழுவை இப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள். குழுவில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. பழைய நாட்களில் கடன் மனுக்களைப் பார்க்கத் தனிக் குழு, கணக்கை மேற்பார்வை செய்ய இன்னொரு குழு என்று பிரித்து வைத்தார்கள். கடன் கொடுக்கிறவரே கணக்கையும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை.

சீட்டுப் போடுகிறவர்கள் "இதுவும் சீட்டு மாதிரிதானே?" என்று கேட்பார்கள். பாதி சரி. சீட்டிலும் தெரிந்தவர்கள் சேர்ந்துதான் பணம் போடுகிறோம். ஆனால் சீட்டு முடிந்ததும் கலைந்துவிடும். ஏலத்தில் தொகையைத் தள்ளி எடுப்பதில் யாருக்கு அவசரமோ அவருக்குத்தான் நஷ்டம். சங்கத்தில் அவசரக்காரருக்கும் அதே வட்டிதான், இருபது வருடம் கழித்தும் சங்கம் இருக்கும்.

இப்போது அந்த 1.05 லட்சத்தைத் திரும்பப் பாருங்கள். 3 லட்சம் வாங்கிய ஒரே ஒருவர் ஓடிப்போனால், சங்கத்தின் கிட்டத்தட்ட மூன்று வருட மிச்சம் காலி. நூற்றில் ஒருவர், இருநூற்றில் ஒருவர் தவறினாலே ஆடிப்போகிற அமைப்பு இது. ஆளைத் தெரிந்து கொடுப்பது என்பதை இவர்கள் ஏன் அப்படிக் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும்.

பாஸ்டன் கடைக்காரர்

செயின்ட் மேரிஸ் தொடங்கியதற்கு முந்தின வருடம், பாஸ்டனில் பெரிய துணிக்கடை வைத்திருந்த எட்வர்ட் ஃபைலீன் உலகம் சுற்றக் கிளம்பினார். 1907-ல் இந்தியா வந்தவர், வங்காளத்தில் கூர்லே என்ற ஆங்கிலேய அதிகாரியின் மேற்பார்வையில் நடந்த கிராமக் கடன் சங்கங்களைப் பார்த்தார். ஊர்க்காரர்கள் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு கடன் என்று தாங்களே முடிவு செய்வது அவரைப் பிடித்துக்கொண்டது. முன்பு சொன்ன முடிச்சு இங்கேதான் விழுகிறது. ஜெர்மன் கிராமத்து யோசனையை மதராஸ் அதிகாரி ஒருவர் எழுதினார், அது இந்தியச் சட்டமானது, அந்தச் சட்டத்தில் முளைத்த சங்கத்தைப் பார்த்தவர் அமெரிக்காவுக்குத் திரும்பினார். 1909-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் கிரெடிட் யூனியன்களுக்கான அமெரிக்காவின் முதல் பொதுச் சட்டத்தைப் போட்டபோது அதற்குப் பேசியவர்களில் ஃபைலீனும் இருந்தார், தெஜார்தானும் இருந்தார்.

சட்டம் வந்ததும் ஊரெல்லாம் சங்கம் முளைத்துவிடவில்லை. ஃபைலீன் 1921-ல் ராய் பெர்கன்கிரென் என்ற வழக்கறிஞரை வைத்து ஓர் அலுவலகம் அமைத்தார். பெர்கன்கிரெனின் வேலை, மாநிலம் மாநிலமாகப் போய்ச் சட்டம் போட வைப்பது. 1934-க்குள் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் சட்டம் வந்துவிட்டது. ஃபைலீன் இந்த இயக்கத்தில் போட்ட சொந்தப் பணம் சுமார் பத்து லட்சம் டாலர் என்பார்கள்.

அப்புறம் வந்தது பொருளாதாரப் பெருமந்தம். 1930 முதல் 1933 வரை அமெரிக்காவில் ஏறக்குறைய 9,000 வங்கிகள் கவிழ்ந்தன. மக்களுக்கு வங்கி மீதிருந்த நம்பிக்கை போன நேரத்தில், 1934 ஜூனில் அதிபர் ரூஸ்வெல்ட் மத்திய கிரெடிட் யூனியன் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டம் வட்டிக்கு ஒரு வரம்பு வைத்தது: மாதத்துக்கு 1 சதவீதம், அதுவும் மிச்சமிருக்கும் அசலுக்கு மட்டும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். முழு அசலுக்கும் கடைசி வரை வட்டி போடும் கடைக்காரத் தவணையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது தவணையில் ஃபிரிட்ஜ் வாங்கியவர்களுக்குத் தெரியும்.

ஆலை மூடினால்?

செயின்ட் மேரிஸின் பெரிய சோதனையும் இதே காலத்தில்தான். 1922-ல் அமோஸ்கெக் நிர்வாகம் கூலியை 20 சதவீதம் வெட்டி, வாரத்துக்கு 48 மணி நேர வேலையை 54 ஆக்கியது. தொழிலாளர்கள் ஒன்பது மாதம் வேலை நிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு ஆலை பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. 1935 இறுதியில் மூடிக் கிடந்த கம்பெனி நீதிமன்றப் படியேறியது. 1936 மார்ச்சில் ஆற்றில் வெள்ளம் வந்து மிச்சத்தையும் கெடுத்தது. அதே வருடம் கம்பெனி கலைக்கப்பட்டது.

ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் மட்டுமே சேர்ந்த சங்கத்தின் பலவீனம் இங்கேதான் தெரிகிறது. எல்லோரும் ஒரே ஆலையை நம்பியிருந்தால், வேலை போகும்போது எல்லோருக்கும் ஒரே நாளில் போகிறது. ஒரே நாளில் சேமிப்பை எடுக்க வருவார்கள், ஒரே நாளில் கடன் தவணை நிற்கும். மழை பொய்த்த வருடத்தில் நம் விவசாயக் கடன் சங்கங்களுக்கு நேர்வதும் இதுதான். நாணயமான ஆள்தான், ஆனால் கையில் காசு இல்லை. ஆளின் குணத்தைத் தெரிந்து வைத்திருப்பது, ஆலை மூடுவதிலிருந்து காப்பாற்றாது.

செயின்ட் மேரிஸ் தப்பித்தது. ஆனால் இந்த ஆபத்து பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. நியூயார்க்கில் டாக்சி ஓட்ட ஒரு தகடு உரிமம் வேண்டும். அதை வாங்கக் கடன் கொடுப்பதையே முக்கிய வேலையாக்கிக்கொண்ட சில கிரெடிட் யூனியன்கள் இருந்தன. 1922-ல் தொடங்கிய மெல்ரோஸ் அவற்றில் ஒன்று. 2014 வாக்கில் ஒரு தகட்டின் விலை 10 லட்சம் டாலரைத் தாண்டியது. செல்போன் வழியாக அழைக்கும் வண்டிகள் வந்ததும் விலை சரிந்தது. ஓட்டுநர்கள் கடனில் மூழ்கினார்கள். மெல்ரோஸையும் லோம்ட்டோ என்ற இன்னொரு சங்கத்தையும் 2018-ல் அரசு மூடியது. சேமிப்புப் போட்டவர்களின் பணம் காப்பீட்டால் தப்பியது. ஓட்டுநர்களுக்கு அப்படி ஒரு காப்பீடு இல்லை.

அந்தக் காப்பீடு பிறந்த வருடம் 1970. அதற்கு முன்பு அமெரிக்காவில் வங்கிச் சேமிப்புக்கு அரசு உத்தரவாதம் இருந்தது, கிரெடிட் யூனியன் சேமிப்புக்கு இல்லை. இன்று இரண்டுக்கும் ஒரே உச்சவரம்பு, 2,50,000 டாலர்.

தெரியாதவர்களின் சங்கம்

வளர்ச்சி என்று வரும்போது ஒரு சங்கடம் வருகிறது. சங்கம் வளர வேண்டுமானால் புது உறுப்பினர் வேண்டும். புது உறுப்பினர் வரவர, ஒருவரையொருவர் தெரியாது.

சட்டம் இதைப் பொதுப்பிணைப்பு என்ற நிபந்தனையால் கட்டிப்போட்டிருந்தது. ஒரு சங்கத்தின் உறுப்பினர்களுக்குள் வேலையோ ஊரோ ஏதாவது ஒன்று பொதுவாக இருக்க வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் ஆலைகள் மூடப்பட்டுச் சங்கங்கள் தள்ளாடியபோது, ஒரே சங்கத்தில் பல கம்பெனி ஊழியர்கள் சேரலாம் என்று ஒழுங்குமுறை வாரியம் தளர்த்தியது. வங்கிகள் வழக்குப் போட்டன. வட கரோலினாவில் ஏ.டி. அண்ட் டி. என்ற தொலைபேசிக் கம்பெனி ஊழியர்களின் குடும்பச் சங்கம் ஒன்றை வைத்து நடந்த வழக்கில், 1998 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் வங்கிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆறு மாதம் கூட ஆகவில்லை, ஆகஸ்டில் நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டுப் பல பிணைப்புகளை அனுமதித்துவிட்டது. கோடிக்கணக்கான உறுப்பினர்களுக்கு ஓட்டு இருக்கிறது என்பதை அரசியல்வாதிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எண்ணிக்கை சொல்லும் கதை வேடிக்கையானது. 1960-களின் இறுதியில் அமெரிக்காவில் 23,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் யூனியன்கள் இருந்தன. இன்று ஐயாயிரத்துக்கும் குறைவு. ஆனால் உறுப்பினர்கள் 14 கோடி. சின்னச் சங்கங்கள் பெரியவற்றோடு இணைந்துவிட்டன. 1933-ல் கடற்படை அலுவலகத்தில் ஏழு பேர் சேர்ந்து ஆரம்பித்த நேவி ஃபெடரலில் இப்போது ஒரு கோடிப் பேருக்கு மேல். அங்கே கடன் கேட்டால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் யாரும் விசாரிக்க மாட்டார்கள், கணினி உங்கள் கடன் மதிப்பெண்ணைப் பார்க்கும். இது வங்கியிலிருந்து எப்படி வேறுபட்டது என்று கேட்டால், மிச்சப் பணம் எங்கே போகிறது, யார் ஓட்டுப் போடுகிறார்கள் என்ற இரண்டு விஷயத்தைத்தான் காட்ட முடியும். தெரிந்திருத்தல் போய்விட்டது. நான் இதைக் குறையாகவும் சொல்லவில்லை. தெரிந்தவர்களின் சங்கத்தில் சாதி பார்ப்பது, பிடிக்காதவர் மனுவைத் தள்ளிப் போடுவது எல்லாம் நடக்கும். அதுவும் நமக்குத் தெரியாததா?

செயின்ட் மேரிஸ் இன்றும் அதே மேற்குக் கரையில், மெக்ரிகர் தெருவில் இருக்கிறது. பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை, அந்த மாதாகோவில் வட்டாரத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் சேரலாம். சொத்து மதிப்பு 100 கோடி டாலருக்கு மேல். உறுப்பினராக வேண்டுமானால் ஒரு பங்கு வாங்க வேண்டும், விலை 5 டாலர். நூறு வருடத்தில் மான்செஸ்டரில் விலை ஏறாத பொருள் அது ஒன்றுதான் போலிருக்கிறது. புவாவானின் வீடு 2002 முதல் கிரெடிட் யூனியன் அருங்காட்சியகம்.

பெயரைக் கவனித்தீர்களா, அது செயின்ட் மேரிஸ் 'பேங்க்'. உள்ளே கிரெடிட் யூனியன், வெளியே பலகையில் வங்கி. அங்கே அது பாதிப்பில்லாத பழைய பழக்கம். நம்மூரில் இதே குழப்பம் பணத்தைத் தின்றுவிடும். கூட்டுறவு வங்கி வேறு, கூட்டுறவுக் கடன் சங்கம் வேறு. கூட்டுறவு வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. தொடக்கக் கடன் சங்கத்திலும் பணியாளர் சங்கத்திலும் போட்ட பணத்துக்கு அந்தக் காப்பீடு கிடையாது. அங்கே உங்கள் பணத்துக்குக் காவல், காப்பு நிதியும், தணிக்கையும், கடன் வாங்கிய சக உறுப்பினர்களின் நாணயமும்தான்.

அப்பாவின் சொசைட்டியில் வருடத்துக்கு ஒருமுறை பேரவைக் கூட்டம் நடக்கும். வாசலில் கையெழுத்துப் போட்டால் ஒரு ஸ்வீட் பாக்ஸும் அச்சடித்த ஆண்டறிக்கையும் கொடுப்பார்கள். பெரும்பாலானவர்கள் இரண்டையும் வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பார்கள். அப்பாவும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தார். ஜாமீன் விவகாரத்துக்குப் பிறகு உள்ளே போய் உட்கார ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்ததும் மைசூர்பாக்கை எங்களிடம் கொடுத்துவிட்டு, அறிக்கையில் 'தவணை தவறிய கடன்கள்' என்ற பக்கத்தைத் திறந்து, போன வருட அறிக்கையையும் பக்கத்தில் வைத்து, பேனாவோடு உட்கார்வார்.